நான் அழித்த பெலிம்

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு வரைபட நிறுவனத்தில் ஊர்ப்பெயர் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். கேட்க நன்றாக இருக்கும், பார்க்க ஒன்றுமிருக்காது. வெளிநாட்டு எக்செல் ஷீட் வரும். ஒரு பத்தியில் ஊர்ப்பெயர், அடுத்ததில் மாவட்டம், அப்புறம் மக்கள்தொகை, அட்சரேகை, தீர்க்கரேகை. எழுத்துப்பிழை இருந்தால் திருத்த வேண்டும். ஒரே ஊர் இரண்டு முறை வந்திருந்தால் ஒன்றை நீக்க வேண்டும். ரஷ்யா எங்கள் குழுவுக்கு வந்தபோது எனக்கு உரால் மலைக்குக் கிழக்குப் பக்கம் கிடைத்தது. ரஷ்ய எழுத்தை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன், மொழியை அல்ல.

அந்த ஷீட்டில் 'பெலிம்' இரண்டு முறை வந்திருந்தது. எழுத்து அதே, மாகாணம் அதே ஸ்வெர்த்லோவ்ஸ்க். டூப்ளிகேட் என்று குறித்து மக்கள்தொகை குறைவாக இருந்ததை நீக்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்து டீம் லீடர் அக்கா என் மேஜைக்கு வந்து நின்றார். "ஏம்ப்பா, ஒரு ஊரையே தூக்கிட்டியே? அட்சரேகைய பாத்தியா இல்லையா?"

பார்க்கவில்லை. இரண்டு பெலிம்களுக்கும் நடுவே நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. நான் வைத்துக்கொண்டது, 1960களில் ரயில் பாதை போட்டபோது உருவான குடியிருப்பு. அழித்தது, 1593இல் ரஷ்யர்கள் கோட்டை கட்டிய ஊர். சைபீரியாவில் அவர்கள் கால் ஊன்றிய முதல் இடங்களில் ஒன்று. அதற்கு முன்பு அங்கே பெலிம் சிற்றரசு இருந்தது. அதன் கடைசித் தலைவன் அப்லெகிரிம். அவனைப் பிடித்த பிறகுதான் கோட்டை எழுந்தது. ரஷ்ய இளவரசன் திமீத்ரி 1591இல் உக்லிச் நகரில் மர்மமாக இறந்தபோது கலகம் செய்தவர்களைக் குடும்பம் குடும்பமாக நாடுகடத்தியது இந்தப் பெலிமுக்குத்தான். இத்தனையும் நடந்த ஊரை ஒரு கிளிக்கில் நீக்கியிருக்கிறேன்.

வெட்கம் ஒரு பக்கம். ஆனால் இரண்டுக்கும் ஏன் ஒரே பெயர் என்ற கேள்வி என்னை விடவில்லை. பதில் சுலபமானது, இரண்டும் பெலிம் ஆற்றின் கரையில் இருக்கின்றன. அந்த ஆற்றை மான்சி மக்கள் 'போலும்' என்பார்கள். ஆற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் அவர்கள். ரஷ்யன் வந்து வாயில் நுழைந்தமட்டும் அதைச் சொல்லி, அதையே ஊருக்கும் வைத்தான். சரி, மற்ற ஊர்கள்? அந்தக் கேள்வியோடு ஷீட்டைத் திரும்ப முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். வேலையை விட்ட பிறகும் படிப்பதை விடவில்லை.

மான்சிகள் யார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உரால் மலையின் வடபகுதியிலும், அதன் கிழக்குச் சரிவிலிருந்து ஓப் ஆறு வரையிலும் வாழும் வேட்டை, மீன்பிடி, கலைமான் மேய்ப்பு மக்கள். 2010 கணக்கெடுப்பில் 12,269 பேர். அவர்களில் மான்சி பேசத் தெரிந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. பழைய ரஷ்ய ஆவணங்களில் 'வோகுல்' என்று வருவது இவர்கள்தான். பக்கத்தில் உறவு மொழி பேசும் இன்னொரு மக்கள் இருக்கிறார்கள், பழைய பெயர் 'ஓஸ்த்யாக்', இப்போதைய பெயர் ஹாந்தி. இதைத் தமிழில் எப்படி எழுதினாலும் காந்தியிலோ ஹிந்தியிலோ போய் முட்டுகிறது. தொண்டையில் கரகரக்கும் அந்த முதல் ஒலிக்கு நம்மிடம் எழுத்தில்லை. நான் 'ஹாந்தி' என்று எழுதிவிட்டுப் போகிறேன். நானூறு வருடத்துக்கு முன்னால் பெலிம் கோட்டையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவும் இதைத்தான் செய்தான். கேட்ட ஒலிக்குத் தன்னிடம் எழுத்தில்லை, கைக்குக் கிட்டினதைப் போட்டான்.

இந்த இரண்டு மொழிகளுக்கும் மிக நெருங்கிய சொந்தம் ஹங்கேரிய மொழி. மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய் ஐரோப்பாவின் நடுவில் குடியேறிவிட்ட சொந்தம்.

அந்தக் குமாஸ்தா யாரைக் கேட்டு எழுதினான் என்பதில்தான் எனக்கு ஆர்வம் வந்தது. அவனுக்கு மான்சி தெரியாது. அவனோடு பேசிய மான்சிக்கு ரஷ்யம் தெரியாது. நடுவில் யாரோ ஒருவன் இருந்திருக்கிறான். பெயரின் வாலைப் பிடித்தால் அந்த நடுவாள் யாரென்று பிடிபடுகிறான்.

முதல் நடுவாள் கோமிக்காரன். ரஷ்யர்கள் மேற்கிலிருந்து வந்தார்கள், உராலுக்கு மேற்கே கோமிகளின் நாடு. அவர்கள் ரஷ்யர்களோடு முன்பே பழகியவர்கள், மலைக்கு அந்தப் பக்கம் மென்மயிர் வியாபாரத்துக்குப் போய் வந்தவர்கள். வழி காட்டியதும் மொழிபெயர்த்ததும் அவர்களே. கோமியில் 'வா' என்றால் தண்ணீர், ஆறு. வரைபடத்தில் மான்சி நாட்டின் பெரிய ஆறுகளைப் பாருங்கள்: சோஸ்வா, லோஸ்வா. இரண்டிலும் கோமி வால். மான்சிகள் வட சோஸ்வாவை 'தாக்த்' என்றும் லோஸ்வாவை 'லூசும்' என்றும் சொல்கிறார்கள். தன் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கும் மான்சி, அந்த ஆற்றின் அரசாங்கப் பெயரைச் சொல்லும்போது பக்கத்து வீட்டுக்காரனின் மொழியில் சொல்கிறான். அந்த ஆறுகளின் பெயரில் உள்ள ரஷ்ய ஊர்களும் அப்படியே. சோஸ்வா என்ற பெயரில் எனக்கு வந்த ஷீட்டிலேயே ஒன்றுக்கு மேல் இருந்தன. அட்சரேகை பார்க்கும் பழக்கம் அதற்குள் வந்துவிட்டது.

'கார்' என்றால் கோமியில் ஊர், அரண். 1598இல் ரஷ்யர்கள் தூரா ஆற்றின் மேல்பகுதியில் கட்டிய வெர்ஹோத்தூரியே நகரம், நேரோம்கார் என்ற வோகுல் குடியிருப்பின் இடத்தில் எழுந்தது. வோகுல் குடியிருப்புத்தான், ஆனால் ஏடுகளில் நமக்குக் கிடைக்கும் பெயரின் வாலிலேயே கோமிக்காரன் நிற்கிறான். 'வெர்ஹோத்தூரியே' என்பதற்கு 'மேல் தூரா' என்றுதான் பொருள். பழைய பெயரை மொழிபெயர்க்கக்கூட இல்லை, துடைத்துவிட்டுத் தன்னுடையதை எழுதினான். இந்த நிலத்தின் பழைய பெயரான 'யூக்ரா'கூட கோமி வாய்வழி வந்தது. இன்று அங்குள்ள தன்னாட்சி மாவட்டம் பெருமையாக அந்தப் பெயரைச் சூடிக்கொண்டிருக்கிறது.

தெற்கே போனால் நடுவாள் மாறுகிறான். தூரா, தவ்தா ஆறுகளின் பக்கம் தாத்தார் மொழிதான் பொதுமொழி. ரஷ்ய நிர்வாகம் மென்மயிராக வாங்கிய வரிக்குப் பெயரே 'யசாக்', துருக்கியச் சொல். மொழிபெயர்ப்பாளனைக் குறிக்கும் 'தல்மாச்' என்ற சொல்லும் துருக்கிய வழியில் வந்ததுதான். 1600இல் எழுந்த துரின்ஸ்க் நகரம் யெப்பான்ச்சா என்ற தலைவனின் ஊர் இருந்த இடம். நகரத்துக்கு ஆற்றின் பெயரை வைத்தார்கள், ஆனால் சுற்றுவட்டாரத்தில் அதை நெடுங்காலம் யெப்பான்ச்சின் என்றே சொல்லி வந்தார்கள். உள்ளூர்க்காரன் நாக்கில் ஆள் நிற்கிறான், அரசாங்கத் தாளில் ஆறு ஓடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பெர்யோசொவோ. வட சோஸ்வாவின் கரையில், ஓப் ஆற்றோடு அது கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே, 1593இல் எழுந்த கோட்டை. ரஷ்யத்தில் 'பெர்யோசா' என்றால் பிர்ச் மரம், வெள்ளைப் பட்டை உரியும் அந்த வடக்கத்தி மரம். பெயரைப் பார்த்தால் அசல் ரஷ்யப் பெயர். மாஸ்கோவைச் சுற்றிக்கூட இதே பெயரில் எத்தனையோ ஊர்கள். ஆனால் மான்சிகள் இந்த ஊரை 'ஹால் ஊஸ்' என்கிறார்கள். 'ஹால்' பிர்ச் மரம், 'ஊஸ்' அரணுள்ள ஊர். ஹாந்திகள் 'சூமத் வோஷ்' என்கிறார்கள், அதற்கும் அதே பொருள். மூன்று மொழியிலும் ஒரே ஊர், ஒரே மரம். கோட்டை கட்ட வந்தவன் இங்கே மட்டும் நின்று "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டிருக்கிறான், கேட்ட பதிலைத் தன் மொழியில் எழுதியிருக்கிறான். இப்படி மொழிபெயர்ந்த பெயர்தான் கண்டுபிடிக்கக் கடினமானது. தோலில் தழும்பே இருக்காது. முதலாம் பீட்டரின் வலது கையாக இருந்து, பின்பு எல்லாம் பறிபோய் நாடுகடத்தப்பட்ட மென்ஷிகோவ் 1729இல் இறந்தது இங்கேதான். 1907இல் புரட்சியாளர் த்ரோத்ஸ்கி கைதியாகக் கொண்டுபோகப்படும் வழியில், கலைமான் வண்டியில் தப்பித்ததும் இந்த ஊரிலிருந்துதான். மேற்கு சைபீரியாவின் முதல் எரிவாயு 1953 செப்டம்பரில் பீறிட்டதும் இங்கேதான். இவ்வளவு வரலாறும் அந்தப் பழைய மரத்தின் பெயரில் நடக்கிறது.

இப்போது குமாஸ்தாவிடம் திரும்ப வருகிறேன், அவனுடைய வேலை இங்கேதான் ஆரம்பம்.

யசாக் வரியை ஆள் ஆளாக எழுத வேண்டும். மான்சிகளோ ஒரே இடத்தில் இருப்பவர்கள் இல்லை. பனிக்காலத்துக்குக் காட்டுக்குள் ஓர் இருப்பிடம், கோடையில் மீன் பிடிக்க ஆற்றோரம் இன்னொன்று. மூன்று மரவீடு சேர்ந்தால் ஊர். அவர்களுக்கு அது ஓடை முகத்தில் இருக்கும் ஊர், ஏரிக்கரை ஊர். குமாஸ்தாவுக்கு அது வேண்டாம், எவன் தோல் கொண்டுவந்து கொடுப்பான் என்பதுதான் வேண்டும். ஆகவே அந்த இடத்துத் தலைவனின் பெயரை எழுதி, பக்கத்தில் 'யூர்த்தி' என்று சேர்த்தான். யூர்த்தி என்பதும் துருக்கியச் சொல்தான். ரஷ்ய நிர்வாகத்தில் உள்நாட்டு மக்களின் குடியிருப்புக்கு அது பொதுப்பெயராகிவிட்டது. ரஷ்யன் இருந்தால் 'தெரேவ்னியா', தேவாலயம் இருந்தால் 'செலோ', மான்சி இருந்தால் 'யூர்த்தி'. ஊரின் தகுதியைப் பார்த்தே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பாதிரியார்கள் வந்தார்கள். தொபோல்ஸ்கின் பேராயர் ஃபிலஃபேய் 1712 தொடங்கிப் படகுப் படகாகச் சென்று ஞானஸ்நானம் கொடுத்தார். ஞானஸ்நானம் பெற்றவனுக்கு ஒரு ரஷ்யப் பெயர், கூடவே தகப்பனின் பழைய மான்சிப் பெயரோடு 'ஒவ்', 'யெவ்', 'இன்' சேர்த்து ஒரு குடும்பப் பெயர். அந்தக் குடும்பப் பெயர் அப்படியே ஊருக்கும் ஏறியது. இன்றைக்கும் இவ்தெல் பக்கத்துக் காட்டில் யூர்த்தா அன்யாமொவா, யூர்த்தா குரிக்கொவா என்று ஊர்கள் இருக்கின்றன. பெர்யோசொவோ பகுதியில் அனேயெவா என்று ஒரு கிராமம். ஏன் 'ஆ'வில் முடிகிறது என்று முதலில் குழம்பினேன். ரஷ்யத்தில் 'தெரேவ்னியா' பெண்பால். 'யாருடைய கிராமம்?' என்றால் 'அனேயெவா', அவ்வளவுதான். 'செலோ' அலிபால், அதனால்தான் சமாரொவோ என்று 'ஓ'வில் முடிகிறது.

சமாரொவோ என்றதும் நினைவுக்கு வருகிறது. ஓப் ஆறும் இர்த்திஷும் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சமார் என்று ஒரு ஹாந்தித் தலைவன் இருந்தான். 1583இல் போக்தான் பிரியாஸ்கா என்ற ரஷ்யப் படைத்தலைவனின் கோசாக் வீரர்கள் வந்து அவனைக் கொன்றார்கள். கொன்ற இடத்தில் பின்னால் ரஷ்ய ஊர் எழுந்தது, அதற்கு அவன் பெயரே வாய்த்தது. இலக்கணப்படி 'சமாருடையது'.

கோந்தா ஆற்றங்கரையில் இன்னொரு கதை. 1715இல் ஃபிலஃபேயின் குழு அங்கே போனபோது, தங்கள் தெய்வச் சிலையைக் காப்பாற்ற எதிர்த்து நின்றவர் நஹ்ராச் யெவ்ப்லாயெவ் என்ற வோகுல் பூசாரி. அந்தக் குழுவோடு போன உக்ரைன்காரர் நொவித்ஸ்கி இதை எழுதிவைத்திருக்கிறார். தெய்வம் போயிற்று, பூசாரியின் பெயர் நின்றது. ஊர் நஹ்ராச்சி ஆனது. கிறித்தவ நிர்வாகத்தின் ஏடுகளில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பெயர் ஓடியது. சோவியத் காலத்தில்தான் அதை மாற்றிக் கோந்தின்ஸ்கொயே என்று வைத்தார்கள். இதில் ஒரு கூத்து. கோந்தின்ஸ்கொயே என்ற பெயரில் ஓப் ஆற்றங்கரையில் வேறோர் ஊர் ஏற்கெனவே இருந்தது, பழைய மடாலயம் உள்ள ஊர். அதற்கு அக்தியாப்ர்ஸ்கொயே, அதாவது 'அக்டோபர் ஊர்', என்று புரட்சிப் பெயர் சூட்டியாயிற்று. காலியான பெயரை நஹ்ராச்சி எடுத்து மாட்டிக்கொண்டது. பழைய ஏட்டில் 'கோந்தின்ஸ்கொயே' என்று பார்த்தால், எந்த வருடத்து ஏடு என்று பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது. பெலிமில் பட்ட எனக்கு இது புரியும்.

ஆட்களின் பெயர் மலைக்கும் ஏறியிருக்கிறது. வட உராலில் தெனெஷ்கின் காமென், கொன்ஷக்கோவ்ஸ்கி காமென் என்று இரண்டு பெரிய மலைகள். காமென் என்றால் கல், அந்தப் பக்கத்து ரஷ்யர்கள் மலையைக் கல் என்றே சொல்வார்கள். 'தெனெஷ்கின்' என்பதில் 'பணம்' என்ற சொல் ஒளிந்திருப்பதால் அங்கே புதையல் இருக்கிறது என்று கதை கட்டுகிறவர்கள் உண்டு. தெனெஷ்கின் என்பது பக்கத்தில் வாழ்ந்த ஒரு வோகுல் குடும்பத்தின் பெயர். கொன்ஷக்கோவ் அடிவாரத்தில் குடியிருந்த வேட்டைக்காரர். மலைக்கு மான்சி மொழியில் என்ன பெயர் என்று கேட்பதற்குப் பதில், வழி காட்டியவனின் பெயரையே மலைக்கு வைத்துவிட்டார்கள்.

அப்புறம் சுரங்க முதலாளிகள். தங்கம், செம்பு, இரும்பு தேடி வந்தவர்கள். இந்த வகைப் பெயர்களில் எனக்கு ருசி குறைவு, சீக்கிரம் கடந்துவிடுகிறேன். இவ்தெல் நகரத்தின் பழைய பெயர் நிகிதோ இவ்தெல். இவ்தெல் ஆறு, நிகிதா முதலாளி. இன்றைய செரோவ் நகரம் நதேஷ்தின்ஸ்க் என்று ஆரம்பித்தது, ஆலையின் உரிமையாளர் அம்மையாரின் பெயர் நதேஷ்தா. 1939இல் விமானி செரோவின் பெயருக்கு மாறியது. இந்தக் கூட்டத்தில் ஒரே ஓர் ஊரில் மட்டும் நான் நிற்பேன், வ்செவோலதோ பிலகதாத்ஸ்கொயே. முதலாளியின் பெயரையும் 'அருள்' என்ற சொல்லையும் ஒட்டவைத்த, வாயில் நுழையாத பெயர். இந்த ஊரில்தான் 1843 கடைசியில் ஹங்கேரியிலிருந்து அந்தால் ரெகுலி என்ற இளைஞர் வந்து தங்கினார். தன் மொழியின் சொந்தக்காரர்களைத் தேடி வந்தவர். வயதான மான்சிகளிடம் பாட்டும் சொல்லும் எழுதி வாங்கினார், வட உரால் முழுக்க அலைந்து ஆறு, மலை, ஊர்ப் பெயர்களோடு ஒரு வரைபடமும் தயாரித்தார். ரஷ்யப் புவியியல் கழகம் வட உராலுக்குக் குழு அனுப்பத் திட்டமிட்டபோது கையில் இருந்தது அந்த வரைபடம்தான். உள்ளூர்க்காரனிடம் அவனுடைய மொழியிலேயே கேட்டு எழுதிய முதல் ஆட்களில் ஒருவர் ஒரு ஹங்கேரியர். எங்கள் ஷீட்டுக்கு இவரைப் போன்ற ஒருவர் கிடைத்திருந்தால் நான் திட்டு வாங்கியிருக்க மாட்டேன்.

மேலே மேலே, ஆற்றின் தலைப்பகுதிக்குப் போகப் போக ஷீட்டின் நிறம் மாறுகிறது. லியாப்பின், வட சோஸ்வா ஆறுகளின் பக்கம் மான்சிகள் இன்னும் இருக்கிறார்கள், பெயர்களும் இருக்கின்றன. ரஷ்ய எழுத்தில் எழுதிய சுத்தமான மான்சி. இங்கே நாலு சொல் தெரிந்தால் போதும்: 'யா' ஆறு, 'தூர்' ஏரி, 'சூந்த்' வாய் அல்லது முகத்துவாரம், 'பாவில்' ஊர். இந்தப் பாவில்தான் ரஷ்ய ஏட்டில் 'பவுல்' ஆகிவிட்டது. யாசுந்த் என்றோர் ஊர், 'ஆற்று முகம்'. ஹூரும்பவுல், 'ஹூரும்' என்றால் மூன்று. யானிபவுல், 'பெரிய ஊர்'. பெரிய ஊர் எவ்வளவு பெரிது என்று மக்கள்தொகைப் பத்தியைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், அப்புறம் சிரித்ததற்கு வருத்தப்பட்டிருக்கிறேன்.

ஹங்கேரியத்தில் மூன்று 'ஹாரொம்'. ஏரி 'தோ'. ஊர் 'ஃபலு', மான்சி பாவிலின் உடன்பிறப்பு. ஹங்கேரியில் ஓடும் ஷயோ ஆற்றின் பெயரில் கடைசியில் வரும் 'யோ', மான்சியின் 'யா'தான். அந்தச் சொல் ஹங்கேரியப் பேச்சிலிருந்து எப்போதோ போய்விட்டது, ஆற்றின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பாவில் என்றதும் நம் ஆட்களுக்குக் கை அரிக்கும், எனக்கும் அரித்தது. திருச்சிராப்பள்ளியின் 'பள்ளி'யைக் கொண்டுபோய் ஒட்டலாமே என்று. இதற்கு ஒரு பெரிய மனிதரின் துணையும் உண்டு. கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைச் 'சித்திய' மொழிகள் என்ற பெருங்கூட்டத்தோடு சேர்த்து ஒப்பிட்டபோது, ஓஸ்த்யாக் மொழியையும் இழுத்திருக்கிறார். அந்த ஓஸ்த்யாக்தான் இந்த ஹாந்தி. உரால் மொழிகளுக்கும் திராவிடத்துக்கும் உறவு என்ற கருத்தை அவருக்குப் பின்னும் சிலர் எடுத்துப் பார்த்தார்கள், மொழியியலில் அது நிலைக்கவில்லை. ஒலி ஒத்துப்போகிறது என்று ஊர்ப்பெயரைப் பிடித்து இழுப்பது, டூப்ளிகேட் என்று பெலிமை நீக்கியதற்குச் சமம். பள்ளியைப் பள்ளியாகவே விட்டுவிட்டேன்.

இந்தப் பக்கத்தில் நான் அடிக்கடி போய் நிற்கும் ஊர் சாரன்பவுல். போய் நிற்பது என்றால் செயற்கைக்கோள் படத்தில்தான். லியாப்பின் வளைவில், மலை தெரியும் தூரத்தில் இருக்கிறது. 'சாரன்' என்றால் மான்சியில் கோமிக்காரன். 'கோமிக்காரன் ஊர்'. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கலைமான் மந்தைகளோடு கோமிகள் வந்து இங்கே தங்கினார்கள். அவர்களைச் சுட்டி மான்சிகள் சொன்ன பெயரே ரஷ்ய ஏட்டில் ஏறியது. முன்பு கோமிக்காரன் சொன்ன பெயரை மான்சியின் ஆற்றுக்கு எழுதிக்கொண்டார்கள். இங்கே மான்சி சொன்ன பெயரைக் கோமிக்காரனின் ஊருக்கு எழுதியிருக்கிறார்கள். கணக்கு நேரானது என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

பெயர்களை வைத்து, ஆட்கள் முன்பு எதுவரை இருந்தார்கள் என்று அளக்கலாம். ஃபின்லாந்தின் ஆர்த்துரி கன்னிஸ்தோ 1901 முதல் 1906 வரை மான்சிகளிடையே ஊர் ஊராகச் சுற்றினார். 1927இல், ஊர்ப்பெயர்களை மட்டும் ஆதாரமாக வைத்து, மான்சிகள் ஒருகாலத்தில் உராலுக்கு மேற்கேயும் பரவியிருந்தார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் எழுதி வாங்கிய தெற்கு வழக்கும் மேற்கு வழக்கும் அதே நூற்றாண்டில் அழிந்தன. அந்தப் பக்கங்களில் இப்போது மான்சி பேசுவது ஆற்றின் பெயர்கள் மட்டுமே.

உரால் பல்கலைக்கழகத்தின் அலெக்சாந்தர் மத்வேயெவ் 1961 முதல் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்க் கிழவர்களிடம் கேட்டுக் கேட்டு இப்பெயர்களைத் திரட்டினார். அவர் தீர்த்துவைத்த ஒரு விஷயத்தை இங்கே சொல்லியே ஆகவேண்டும், யூடியூப் பார்க்கும் தமிழர்களுக்காக.

தியாத்லோவ் கணவாய் மர்மத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1959 பிப்ரவரி, பனிச்சறுக்கு மலையேற்றம் போன 9 பேர் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே ஓடி இறந்த கதை. அவர்கள் போகவிருந்த மலையின் பெயர் ஒத்தார்தேன். "மான்சி மொழியில் அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? அங்கே போகாதே!" என்று நடுங்கும் குரலில் சொல்லி, பின்னால் டொம்மென்று ஓர் இசை போடுவார்கள். அப்படியெல்லாம் எந்தப் பொருளும் இல்லை. மான்சிகள் அந்த மலையை 'லூந்த் ஹூசாப் சியாஹ்ல்' என்கிறார்கள். 'லூந்த்' வாத்து, ஹங்கேரியத்தில் 'லூத்'. 'வாத்துக்கூட்டு மலை'. அடியில் அதே பெயரில் ஏரி இருக்கிறது, வாத்து இறங்குகிற இடம். 'ஒத்தார்தேன்' என்பது வடக்கே தள்ளியிருக்கும் வேறொரு சிகரத்தின் பெயர், 'காற்றை அனுப்பும் மலை' என்று பொருள். வரைபடம் வரைந்தவர் இடம் மாற்றி எழுதிவிட்டார், மிச்சத்தை மர்மக் கதைக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். எனக்கென்னவோ, பெயரை மாற்றி எழுதிய அந்த முகம் தெரியாத ஆள்மீது கோபமே வருவதில்லை. பாவம், அவருக்கும் ஒரு டீம் லீடர் இருந்திருப்பார்.

அந்த 9 பேரோடு இவ்தெலில் கிளம்பிய இன்னொருவர், உடம்பு முடியாமல் பாதியில் திரும்பியதால் பிழைத்தார். அவர்கள் போன வழியின் பெயர்களை வரிசையாகப் படித்தாலே அந்த நிலத்தின் இருபதாம் நூற்றாண்டு தெரிந்துவிடும். இவ்தெலிலிருந்து பேருந்தில் விஷாய். அங்கிருந்து லாரியில் '41வது குவார்தால்', மரம் வெட்டுகிறவர்களின் முகாம், காட்டைக் கட்டம் போட்டுப் பிரித்த எண்ணே ஊர்ப்பெயர். அங்கிருந்து சறுக்குக் கட்டைகளில் 'இரண்டாவது வடக்கு', கைவிடப்பட்ட சுரங்கக் குடியிருப்பு. அதற்கப்பால் லோஸ்வா, அவுஸ்பியா என்று ஆறுகள், அங்கேதான் மறுபடி மான்சி ஆரம்பிக்கிறது. 1937 முதல் இவ்தெலைச் சுற்றிக் கைதி முகாம்கள். கைதியை வைத்து மரம் வெட்டுகிறவனுக்கு ஊர்ப்பெயர் கேட்க யார் இருக்கிறார்கள்? எண் போதும்.

எண்ணுக்கு அடுத்தபடி கொள்கை. ரயில் பாதை ஓப் ஆறு நோக்கி நீண்டபோது 1960களில் பியோனெர்ஸ்கி, சொவேத்ஸ்கி, கொம்சொமோல்ஸ்கி என்று ஊர்கள் முளைத்தன. கொம்சொமோல்ஸ்கி 1992இல் யூகோர்ஸ்க் ஆனது. சோவியத்தைக் கழற்றிவிட்டு, ஆயிரம் வருடம் பழைய 'யூக்ரா' என்ற அந்தக் கோமிச் சொல்லிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது. மாவட்டத் தலைநகரம் 1930களில் சமாரொவோவுக்குப் பக்கத்தில் எழுந்தபோது ஓஸ்த்யாகோ வோகுல்ஸ்க் என்று பெயர். அக்கம்பக்கத்தார் வைத்த அந்தப் பழைய இனப்பெயர்கள் கூடாது என்று 1940இல் ஹாந்தி மான்சீஸ்க் ஆக்கினார்கள். சமாரொவோ இப்போது அந்த நகரத்துக்குள் ஒரு பகுதி.

இவ்தெலுக்குச் சற்று வடக்கே பொலுநோச்னொயே என்று ஓர் ஊர். ரயில் அங்கே முடிகிறது. 'நள்ளிரவு' என்று பொருள் சொல்லிப் பயமுறுத்துவார்கள். பழைய ரஷ்யத்தில் நள்ளிரவுத் திசை என்றால் வடக்கு. வடக்கூர், அவ்வளவுதான்.

அந்த ஷீட் வேலையின் கடைசி வாரம் விஷாய் வந்தது. 2010 கோடையில் காட்டுத்தீயில் கிட்டத்தட்ட முழு ஊரும் எரிந்துபோயிருந்தது. மக்கள்தொகைப் பத்தியில் பூஜ்யம். எங்களுக்குக் கொடுத்திருந்த விதிப்படி பூஜ்யம் என்றால் வரியை நீக்க வேண்டும். பத்தி காலியாக இருந்தால் 'விவரம் இல்லை' என்று அர்த்தம், வரி நிற்கும். அக்கா டீ குடிக்கப் போயிருந்தார். அந்தப் பூஜ்யத்தை அழித்தேன், ஷீட்டைச் சேமித்து அனுப்பிவிட்டேன்.